தொடக்கக் கால ஜாஸை வகுப்பில் நடத்துவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917இல் வெளிவந்தது. பல்கலைக்கழகப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தத் தட்டு ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழுவினுடையது. அதிலிருந்து தொடங்கினால், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த இசைக்கு வெள்ளையரே பிள்ளையார் சுழி போட்டார்கள் என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்நகரின் காங்கோ சதுக்கத்தில் அடிமைகள் கூடி ஆடியது, சவ ஊர்வலங்களில் பித்தளை வாத்தியக் குழுக்கள் முழங்கியது, ஜாஸுக்கு முந்தைய இசை வகைகளான ராக்டைம், ப்ளூஸ் ஆகியவற்றுக்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

கேள்வி: ஜாஸ் முன்னோடி பட்டி போல்டன் வாசித்த ஒரு பதிவுகூடக் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி எதை நடத்துவது?

பதில்: 1907இல் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட போல்டன் 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த கார்னெட்டை (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) நேரில் கேட்டவர்களின் வாய்மொழிதான் நமக்குச் சான்று. டூலேன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆவணக் காப்பகத்தில் மூத்த கலைஞர்களின் நேர்காணல்கள் இருக்கின்றன. ஒரே செய்தியை இருவர் வெவ்வேறாகச் சொன்னால், எதை, ஏன் நம்புவது என்று மாணவர்களே வாதிடட்டும். வரலாற்றுப் பயிற்சி என்பது அதுதான்.

கேள்வி: எனக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. வரலாற்றுத் துறை ஆசிரியர் நான். நடத்தலாமா?

பதில்: தாராளமாக. காது போதும்.

கேள்வி: பழைய தட்டுகளில் இரைச்சல்தான் கேட்கிறது என்று மாணவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

பதில்: அந்த ஒலி எப்படிப் பதிவானது என்பதை முதலில் விளக்குங்கள். 1923இல் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் ஜெனட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்தபோது மைக் கிடையாது. ஒரு பெரிய புனலை நோக்கி எல்லாரும் வாசித்தார்கள். அந்த அதிர்வில் ஊசி மெழுகைக் கீறியது. பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் டிரம் கலைஞர் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டினார். இளைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்றவர்களை அமுக்கிவிடும் என்று அவரைத் தள்ளி நிற்க வைத்தார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு, அங்கே பதிவான ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’ஸை மூன்று முறை ஒலிக்கவிடுங்கள். முதல் முறை ஆலிவரின் கார்னெட் அழுது பேசுவதை மட்டும் கவனிக்கட்டும், அடுத்து கிளாரினெட், பிறகு டிராம்போன். மூன்றாம் முறை முடிவதற்குள் இரைச்சலை யாரும் பேசமாட்டார்கள்.

அடுத்த வகுப்பில் ஆர்ம்ஸ்ட்ராங் 1928இல் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’. அதற்குள் மைக் வந்துவிட்டது. தொடக்கத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் துணையின்றித் தனியே ஊதுவதைக் கேட்டவர்களுக்கு, ஐந்தே ஆண்டுகளில் என்ன நடந்தது என்ற கேள்வி தானாக எழும்.

கேள்வி: பெண் கலைஞர்களுக்குத் தனி வகுப்பு வைக்கலாமா?

பதில்: ஒதுக்கி வைக்காதீர்கள். ஆலிவர் குழுவின் பியானோ கலைஞர் லில் ஹார்டின். ஆலிவரை விட்டு வெளியேறும்படி ஆர்ம்ஸ்ட்ராங்கை வற்புறுத்தியவரும் அவரே. ரிச்மண்ட் பதிவு பற்றிய அதே வகுப்பில் அவர் இடம்பெற வேண்டும்.