எம்எம்ஐ நேர்காணலில் பதில் பாதியிலேயே முடிந்துவிடுவது பற்றி

வணக்கம். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்எம்ஐ (Multiple Mini Interview: நிலையம் நிலையமாகச் சென்று, ஒவ்வொன்றிலும் வேறொரு மதிப்பீட்டாளரிடம் சிறு நேர்காணல் தரும் முறை) நேர்காணலுக்குப் பயிற்சி எடுக்கும்போது, அறநெறிக் கேள்விகளுக்கான பதில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுவதாகவும், மீதி நேரத்தில் திணறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். எடுத்த எடுப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுவதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறையில், நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள் என்பதைவிட, எதையெல்லாம் எடைபோட்டு அங்கே வந்து சேர்ந்தீர்கள் என்பதையே பெரிதும் கவனிப்பார்கள். இரத்தம் ஏற்றாவிட்டால் இறந்துவிடக்கூடிய நோயாளி அதற்கு மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "மறுக்க அவருக்கு உரிமை உண்டு" என்பது சரியான பதில்தான். ஆனால் அது ஒரு வரியில் முடிந்துவிடும். அவர் தெளிந்த நினைவோடு இருக்கிறாரா, விளைவுகளை அவருக்குப் புரியும்படி யாராவது விளக்கினார்களா, குடும்பத்தினரின் வற்புறுத்தல் ஏதும் உள்ளதா, மாற்றுச் சிகிச்சைக்கு வழியுண்டா என்று ஒவ்வொன்றாக வாய்விட்டு யோசித்துவிட்டு, அதன்பின் முடிவைச் சொல்லுங்கள். அவர் மறுத்த பிறகும் அவரை எப்படிக் கவனித்துக்கொள்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பலரும் விட்டுவிடும் பகுதி இதுதான்.

"நோயாளி சிறுவனாக இருந்தால்?" என்று மதிப்பீட்டாளர் குறுக்கிட்டால் பதற வேண்டாம், அது உங்களை மடக்குவதற்காகக் கேட்கப்படுவதன்று. மனப்பாடம் செய்த பதில் அந்த இடத்தில்தான் கைவிட்டுவிடும் என்பதால், கைப்பேசியில் பதிவுசெய்து, கேள்வியின் சூழலைச் சற்றே மாற்றி மாற்றிப் பேசிப் பழகுங்கள். ஒரு நிலையத்தில் தடுமாறினாலும், அடுத்த நிலையத்தில் வேறொரு மதிப்பீட்டாளர் உங்களைப் புதிதாகவே பார்ப்பார்.