நூறு ஷார்ட்கட் எதற்கு?

ஐயா, வணக்கம்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறேன். நாள் முழுக்க வேர்டில்தான் வேலை. யூடியூபில் பார்த்த நூறு ஷார்ட்கட்டுகளைப் பிரிண்ட் எடுத்து மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒரு வாரத்தில் காப்பி, பேஸ்ட் தவிர எல்லாம் மறந்துவிட்டது. மவுஸையே நம்பியிருக்கும் என் தோழி எனக்கு முன்னால் முடித்துவிடுகிறாள். உண்மையிலேயே இதில் நேரம் மிச்சமாகிறதா?

இன்னொன்று. ஒன்றைக் காப்பி செய்து வைத்திருப்பேன். மறந்துபோய் வேறொன்றைக் காப்பி செய்ததும் முதலில் எடுத்தது போய்விடுகிறது. அதற்கு வழி உண்டா?

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். பாதி உங்களுக்குத் தேவையே படாது. ஷிஃப்ட்+எஃப்3 என்று ஒன்று அதில் இருந்திருக்குமே, சின்ன எழுத்தைக் கேப்பிட்டல் ஆக்குவதற்கு? தமிழில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

தோழி முந்துவதில் ஆச்சரியமில்லை. ஆப்பிளில் இருந்த புரூஸ் டொக்னாசினி 1989-லேயே எழுதியிருக்கிறார்: கீபோர்டுதான் வேகம் என்று ஆட்கள் சொல்கிறார்கள், ஸ்டாப்வாட்ச் மவுஸ்தான் வேகம் என்கிறது. யோசித்து யோசித்து அடிக்கிற ஷார்ட்கட்டுக்கு அது சரியாக இருக்கலாம். விரல் தானாகப் போகிற ஷார்ட்கட்டுக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. செய்ததை ரத்து செய்ய கண்ட்ரோல்+இசட் அடிக்க யாராவது யோசிக்கிறார்களா?

உங்கள் வேலையில் லாபம் கட்டளைகளில் இல்லை, கர்சரை நகர்த்துவதில் இருக்கிறது. தமிழில் நாம் ஓயாமல் திருத்துவது சொல்லின் வாலைத்தான். ‘வந்தான்’ என்பதை ‘வந்தார்’ ஆக்க வேண்டும், கர்சர் அந்தச் சொல்லின் தலையில் நிற்கிறது என்று வையுங்கள். கண்ட்ரோல்+வலது அம்புக்குறி ஒரு தட்டு: அடுத்த சொல்லின் தொடக்கத்துக்குப் போய்விடும். இடது அம்புக்குறி ஒரு தட்டு: இப்போது வாலில் நிற்கிறீர்கள். பேக்ஸ்பேஸ் முதல் தட்டில் புள்ளியை மட்டும் எடுக்கும், அடுத்த தட்டில் ‘ன’வை. பேக்ஸ்பேஸ் இப்படிப் பிய்த்துப் பிய்த்து எடுப்பது பலருக்கு எரிச்சல். எனக்கு அது வசதி. ‘போ’வை ‘பா’ ஆக்க ‘ப’வைத் திரும்ப அடிக்க வேண்டாம் பாருங்கள். முழு எழுத்தும் போக வேண்டுமென்றால் அதன் முன்னால் நின்று டெலீட். முழுச் சொல்லும் என்றால் அதன் வாலில் நின்று கண்ட்ரோல்+பேக்ஸ்பேஸ்.

அப்புறம் ஷிஃப்ட்+எஃப்5. மேலே எங்கோ ஒரு பெயரை எப்படி எழுதினோம் என்று பார்க்கப் போவீர்கள் இல்லையா, அங்கிருந்து கடைசியாகத் திருத்திய இடத்துக்கு வேர்டு திருப்பிக் கொண்டுவிடும். லேப்டாப் என்றால் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். மொழி மாற்ற விண்டோஸ்+ஸ்பேஸ். இவ்வளவு போதும். அதையும் ஒரே நாளில் வேண்டாம், இந்த வாரம் அம்புக்குறி மட்டும். அட்டவணை போடுவது, படத்தை நகர்த்துவது எல்லாம் நானும் மவுஸில்தான்.

இரண்டாவது கேள்விக்கு: விண்டோஸ்+வி. விண்டோஸ் 10-இலிருந்து இருக்கிறது. முதல்முறை அடிக்கும்போது இயக்கவா என்று கேட்கும், சரி கொடுங்கள். அதற்குப் பிறகு காப்பி செய்கிறவற்றில் கடைசி 25 வரை வரிசையாக வைத்திருக்கும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். அடிக்கடி தேவைப்படுவதை ‘பின்’ (pin) செய்து வைத்தால் நிற்கும். ஒன்றில் மட்டும் கவனம். பாஸ்வேர்டைக் காப்பி செய்தால் அதுவும் அந்த வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இதை இயக்காதீர்கள். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் மொத்தத்தையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள்.