விரல் படக்கூடாத தண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூலையில் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். அங்குள்ள கேவ் அண்ட் பேசின் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உலகில் இந்த மலையில் மட்டும் வாழும் ஒரு நத்தைக்காக என்றார்கள். கால்மணி நேரம் உற்றுப் பார்த்தும் ஏழெட்டுதான் கண்ணில் பட்டன. ஒரு விரலை நனைத்தால் என்ன குடி முழுகிவிடும்? அப்படியே அழியும் நிலை என்றால், தொட்டியில் வளர்த்துப் பெருக்கிக் கொண்டுவந்து விட்டுவிடலாமே?

எஸ்., கால்கரி

அன்புள்ள எஸ்.,

ஏழெட்டைக் கண்டுபிடித்ததே பெரிது. அந்த நத்தைகளில் பெரும்பாலானவை மிளகளவு, 5 மில்லிமீட்டருக்குள். மிகப் பெரியதே 11 மில்லிமீட்டர்தான். கூர்முனை மேலே இருக்கும்படி ஓட்டைப் பிடித்தால் வாய் இடப்பக்கம் வரும். நம் வீடுகளில் வலம்புரிச் சங்கு என்று பூஜையில் வைக்கிறோமே, அதன் சுருளும் இதே திசைதான். சங்கைத் தலைகீழாகப் பிடித்துப் பெயர் வைத்துவிட்டோம். அந்தக் கணக்கில் இது வலம்புரி நத்தை. அறிவியல் பெயர் ஃபைசெல்லா ஜான்சோனி, 1926-இல் விவரிக்கப்பட்டது.

நீங்கள் போன மாதத்தை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். இதன் எண்ணிக்கை குளிர்காலத்தில் உச்சத்துக்கு ஏறி, கோடையில் அடிமட்டத்துக்கு இறங்கும். ஒரே ஊற்றில், ஒரே ஆண்டுக்குள், உச்சம் அடிமட்டத்தைப் போல நூறு மடங்குக்கு மேல்கூடப் போகும். 1996 முதல் ட்வெய்ன் லெபிட்ஸ்கி என்ற ஆய்வாளர் சில வாரங்களுக்கு ஒருமுறை ஊற்று ஊற்றாகப் போய் எண்ணியதால்தான் இந்த ஏற்ற இறக்கம் தெரியவந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எண்ணுகிறவர் ஒரு வருடம் ஜனவரியிலும் மறு வருடம் ஜூலையிலும் போனால், இனமே அழிந்துகொண்டிருக்கிறது என்று எழுதிவிடுவார். எங்கே எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். ஊற்றுக்கண்ணை ஒட்டித்தான் கூட்டம். ஓடையில் கீழே இறங்க இறங்கத் தண்ணீர் ஆறும், அதில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற கந்தக வாயு காற்றில் போய்விடும், நத்தையும் அருகும். ஆகவே ஊற்றுக்கண்ணிலிருந்து எத்தனை தூரம் என்று பகுதி பிரித்து, ஒவ்வொரு முறையும் அதே பகுதிகளில், அதே முறையில் எண்ண வேண்டும்.

நத்தை அடிமட்டத்தில் இருக்கும் அதே கோடையில்தான் சுற்றுலாக் கூட்டம் உச்சத்தில் இருக்கிறது. உங்கள் விரலுக்கு வருகிறேன்.

இந்த நத்தைக்குச் செவுள் கிடையாது, காற்றைச் சுவாசிக்கும். ஊற்றுக்கண்ணில் வரும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆகவே தண்ணீரும் காற்றும் சந்திக்கும் விளிம்பிலேயே ஒட்டிக் கிடக்கும். சன்ஸ்கிரீனும் கொசுவிரட்டியும் எண்ணெய்ப் பசை உள்ளவை, விரலைவிட்டு நீங்கியதும் மிதந்து அதே விளிம்பில்தான் படியும். ஊற்றுக்குக் கீழே உள்ள சதுப்பில் நடந்துவிட்டு வருகிற எல்லோர் கையிலும் கொசுவிரட்டி இருக்கும். அடுத்தது அலை. தண்ணீரின் மேலும் கல்லின் மேலும் படர்ந்திருக்கும் பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம்தான் நத்தைக்குச் சோறு, முட்டையிடும் இடமும் அதுவே. கையால் அளைந்தால் படலம் கிழிந்து, முட்டைக் கொத்தோடு ஓடையில் போய்விடும். போய்ச் சேருவது ஆறிய தண்ணீர். ஒரு விரலால் குடி முழுகாது என்பது சரிதான். ஆனால் அந்தப் பலகை உங்கள் ஒரு விரலுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல.

மிகைப்படுத்துகிறார்கள் என்று தோன்றினால் அந்தச் சதுப்பையே பாருங்கள். கொசுவை ஒழிக்க 1924-இல் அங்கே கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை விட்டார்கள். பிறகு யார் யாரோ மீன் தொட்டிகளைக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். அங்கு மட்டுமே இருந்த பான்ஃப் நீள்மூக்கு டேஸ் என்ற சிறு மீன் 1987-இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. நத்தைக்கு அது பக்கத்து வீடு.

இனி தொட்டி. குளோரின் நீக்கிய தண்ணீரை 33 டிகிரியில் வைத்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். முதலில் தோற்பது வெப்பம் அல்ல, வாயு. தேங்கிய தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும், மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிவிடும். காற்றுக் குழாய் போட்டால் இன்னும் வேகமாகப் போகும். அது போனதும் கந்தகத்தை நம்பி வாழும் பாக்டீரியா மடியும், படலம் மாறும். நத்தை சில காலம் உயிரோடு இருக்கலாம், ஆனால் அதற்குப் பழக்கமான வாழ்க்கை அதுவல்ல. ஊற்று நீரையே ஓடவிட்டு வளர்க்கலாம், அதற்கு ஊற்றின் அருகிலேயே இருக்க வேண்டும். எப்படி வளர்த்தாலும் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுவது?

நீங்கள் போன அந்த சல்ஃபர் மலையில் ஒன்பது ஊற்றுகளில் இந்த நத்தை இருந்திருக்கிறது. ஆய்வு தொடங்கியபோது மிஞ்சியவை ஐந்து. அப்பர் மிடில் ஊற்றில் 2002-இலும், கிட்னி ஊற்றில் 2003-இலும் மற்ற ஊற்றுகளிலிருந்து நத்தைகளை எடுத்துப்போய் மீண்டும் குடியேற்றினார்கள், தொட்டி தேவைப்படவில்லை. ஒரு உச்சகாலம் போதும், பெருகிக்கொள்ளும். பயம் தண்ணீரைப் பற்றித்தான். மேல்மட்ட ஊற்றுகள் குளிர்காலக் கடைசியில் நின்றுபோவதுண்டு. மலைமேல் பெய்யும் மழையும் பனியும் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்பி வரும் தண்ணீர் இது. வரத்து குறைந்தால் உயரத்தில் இருக்கும் கண்தான் முதலில் வற்றும். சில நாள் வற்றினாலே அந்த ஊற்றின் மொத்தக் குடும்பமும் போய்விடும். ஆகவே குடியேற்றும் முன் குறைந்தது ஓராண்டாவது ஊற்றின் வரத்தையும் வெப்பத்தையும் பதிவு செய்து, வற்றும் மாதம் உண்டா என்று பார்த்தாக வேண்டும்.

தண்ணீர் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோவில் புரூனோ வெந்நீர் ஊற்று நத்தை இருக்கிறது. இந்தியன் பாத்டப் என்ற ஊற்றில் 1964-இல் நிமிடத்துக்குச் சுமார் 9,000 லிட்டர் வந்தது, 1978-இல் ஐந்நூறு அறுநூறு லிட்டர். அதே நிலத்தடி வெந்நீரைப் பாசனத்துக்கு உறிஞ்சியதுதான் காரணம். அங்கே வேலி, பலகை எதுவும் உதவாது. பம்பு ஓட்டுகிற விவசாயியோடு பேசியாக வேண்டும். அந்த வகையில் பான்ஃப் நத்தை கொடுத்துவைத்தது, தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது.

இது தனி இனமே அல்ல, சாதாரண நன்னீர் நத்தையான ஃபைசெல்லா ஜைரினா வெந்நீரில் மாறிய வடிவம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த வாதம் நடக்கட்டும். ஊற்று வற்றினால் இரண்டு கட்சிக்கும் ஆராய எதுவும் மிஞ்சாது.

அடுத்த முறை பிப்ரவரியில் போங்கள். நடுக்குளத்தைப் பார்க்காமல், ஊற்றுக்கண்ணை ஒட்டித் தண்ணீர் கல்லைத் தொடும் கோட்டைப் பாருங்கள். எண்ணி முடியாது. கொசுவிரட்டியும் தேவைப்படாது.