அமெரிக்க உள்நாட்டுப் போர் உண்மையில் எதற்காக நடந்தது? முக்கியமான தலைவர்கள், சண்டைகள் எவை?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கூடவே ஒரு சந்தேகத்தையும் எழுப்பியிருக்கிறார்: காரணம் அடிமை முறையா, இல்லை மாநில உரிமையா (மத்திய அரசு தலையிடாமல் மாநிலமே முடிவெடுக்கும் உரிமை)? அதிலிருந்தே தொடங்குகிறேன். அதில்தான் நான் பல வருடம் ஏமாந்திருந்தேன்.

"தெற்கு பிரிந்தது மாநில உரிமைக்காக, அடிமை முறை வெறும் சாக்கு" என்று எங்கோ படித்துவிட்டு, நாலு பேரிடம் அதையே சொல்லிக்கொண்டும் இருந்தேன். அப்புறம் ஒருநாள், பிரிந்துபோன மாநிலங்கள் அந்தச் சமயத்தில் வெளியிட்ட பிரகடனங்களையே எடுத்துப் படித்தேன். மிசிசிபி இரண்டாவது வாக்கியத்திலேயே விஷயத்தைப் போட்டு உடைக்கிறது: எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது, உலகத்திலேயே பெரிய பொருளாதார நலன் அதுதான். தென் கரோலினாவின் பிரகடனம் இன்னும் வேடிக்கை. தப்பி ஓடிவரும் அடிமைகளைப் பிடித்துத் தர வட மாநிலங்கள் மறுக்கின்றன, அதற்கென்று சட்டம்கூடப் போட்டிருக்கின்றன என்பது அதன் பெரிய புகார். அதாவது மாநில உரிமையைப் பயன்படுத்தியது வடக்கு, அதைக் குற்றப்பட்டியலில் சேர்த்தது தெற்கு!

பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச்சில் சவன்னா நகரில் பேசும்போது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமில்லை, அடிமை நிலையே அவர்களுக்கு இயல்பானது என்பதுதான் தங்கள் அரசின் மூலைக்கல் என்றார். போரில் தோற்ற பிறகு அதே மனிதர் இரண்டு தடித்த தொகுதிகள் எழுதி, எல்லாம் அரசியல் சாசன உரிமைக்காக நடந்ததாக வாதாடினார். அந்தக் கூட்டமைப்பின் அதிபராக இருந்த ஜெபர்சன் டேவிஸும் அதே பாட்டைத்தான் பாடினார். தோற்றவர்கள் எழுதிய இந்தக் கதை பல தலைமுறைக்குப் பாடப்புத்தகம் வரை ஓடியது. நான் எங்கோ படித்ததும் அதன் மிச்சம்தான்.

சரி, அடிமை முறையைக் கைவிட ஏன் அவ்வளவு தயக்கம்? பருத்தி. 1793-ல் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்தை எலி விட்னி கொண்டுவந்த பிறகு, தெற்கில் பருத்தி விளைச்சல் எங்கேயோ போய்விட்டது. 1860-ல் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்திதான். மூன்று கோடிச் சொச்சம் மக்களில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகள். ஆனால் சண்டை நேரடியாக "தெற்கில் அடிமை முறையை ஒழிப்பது" பற்றி ஆரம்பிக்கவில்லை. மேற்கே புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளில் அதை அனுமதிப்பதா என்பதுதான் தகராறு. 1820-ல், இதற்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று வரைபடத்தில் ஒரு கோடு கிழித்துச் சமாளித்தார்கள். 1854-ல் கான்சாஸ், நெப்ராஸ்கா விஷயத்தில், குடியேறுபவர்களே முடிவுசெய்யட்டும் என்று அந்தக் கோட்டை அழித்தார்கள், இரு தரப்பும் மோதிக் கான்சாஸில் ரத்தம் ஓடியது. 1857-ல், விடுதலை கேட்டு ஓர் அடிமை தொடுத்த டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1859-ல் அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்த ஜான் பிரவுன், அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்ட ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக்கிடங்கைப் பிடிக்கப் போய்த் தூக்கில் தொங்கினார்.

1860 நவம்பர் அதிபர் தேர்தலில் லிங்கன் ஜெயித்தார். இருக்கும் இடத்தில் அடிமை முறையில் கைவைக்க மாட்டேன், பரவ விடமாட்டேன் என்பதுதான் அவர் நிலை. அதுவே தெற்குக்குப் பொறுக்கவில்லை. டிசம்பர் 20-ல் தென் கரோலினா பிரிந்தது, அவர் பதவியேற்கும் முன்பே ஏழு மாநிலங்கள் போய்விட்டன, கடைசியில் மொத்தம் பதினொன்று. 1861 ஏப்ரல் 12-ல் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்த சம்டர் கோட்டை மீது பீரங்கி முழங்கியது. அந்தக் குண்டுவீச்சில் ஒருவர்கூடச் சாகவில்லை என்பதை இப்போது படித்தால் என்னவோ போல் இருக்கிறது, ஏனென்றால் அடுத்த நான்கு வருடத்தில் செத்தவர்கள் குறைந்தது 6 லட்சத்து 20 ஆயிரம் பேர். பெரும்பகுதி நோயில்.

தலைவர்களில் லிங்கன், டேவிஸ் தவிர மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும்: தெற்கில் ராபர்ட் லீ, வடக்கில் கிராண்ட், ஷெர்மன். லீயைச் சுற்றி ஒரு பக்திக் கூட்டமே உண்டு. வடக்குப் படைக்குத் தலைமை ஏற்கச் சொல்லி முதலில் அவரைத்தான் கேட்டார்கள், வர்ஜீனியா பிரிந்ததும் தன் மாநிலத்தோடு போய்விட்டார். கெட்டிக்காரத் தளபதி, சந்தேகமில்லை. எனக்கென்னவோ கிராண்ட்தான் பிடிக்கும். ராணுவத்தை விட்டு வெளியே வந்து, செயின்ட் லூயிஸ் தெருக்களில் விறகு விற்று, எதுவும் கைகூடாமல், போர் வந்தபோது அப்பாவின் தோல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

சண்டைகள் என்றால் எல்லோரும் வர்ஜீனியாவையும் கெட்டிஸ்பர்க்கையும் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு மறுபடி படித்தபோதுதான், போரின் முடிச்சு மேற்கே, ஆறுகளில் இருப்பது தெரிந்தது. கிழக்கே வடக்கின் தலைநகர் வாஷிங்டனுக்கும் தெற்கின் தலைநகர் ரிச்மண்டுக்கும் நடுவில் சுமார் 100 மைல்தான். அந்தத் துண்டில் புல் ரன், பிரெட்ரிக்ஸ்பர்க், சான்சலர்ஸ்வில் என்று இரண்டு வருடம் முட்டிமோதியும் பெரிதாக எதுவும் நகரவில்லை. மேற்கே மிசிசிபி ஆற்றைப் பிடித்துவிட்டால் தெற்கு இரண்டாகப் பிளந்துவிடும். அதற்குத் தடையாக நின்றது விக்ஸ்பர்க்.

அந்த ஊர் ஆற்றின் கொண்டைஊசி வளைவுக்கு மேலே மேட்டில் இருந்தது. 1862-63 குளிர்காலம் முழுக்க கிராண்ட் கால்வாய் வெட்டிப் பார்த்தார், சதுப்பு நிலத்தில் புகுந்து பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. ஏப்ரல் 16 இரவு, கப்பல்களை நேராகப் பீரங்கிகளுக்குக் கீழேயே ஓட்டச் செய்தார். பெரும்பாலானவை தப்பின. தெற்கே இறங்கி ஆற்றைக் கடந்து, மூன்று வாரத்துக்குள் ஐந்து சண்டைகளில் ஜெயித்து, ஊரைச் சுற்றி வளைத்தார். முற்றுகை 47 நாள். மக்கள் மண்மேட்டில் குகை தோண்டிக் குடியிருந்தார்கள், கோவேறு கழுதைக் கறி தின்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்குத் தாள் தீர்ந்துபோய், சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளின் பின்பக்கத்தில் அச்சடித்தார்கள். ஜூலை 2 இதழில் ஒரு கிண்டல்: ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க்கில் விருந்து சாப்பிடப்போவதாக கிராண்ட் சொல்கிறாராம், முயலைச் சமைக்க வேண்டுமென்றால் முதலில் முயலைப் பிடிக்க வேண்டும். ஜூலை 4-ல் ஊர் சரணடைந்தது. உள்ளே வந்த வடக்குச் சிப்பாய்கள் அச்சுக் கோத்தபடியே இருந்த பக்கத்தைப் பார்த்து, கீழே ஒரு குறிப்பைச் சேர்த்து அச்சடித்தார்கள்: கிராண்ட் முயலைப் பிடித்துவிட்டார்.

முந்தைய நாள்தான் கெட்டிஸ்பர்க்கில் லீ தோற்றிருந்தார். மூன்று நாளில் இரு தரப்பிலும் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று 50 ஆயிரம் பேர் அளவில். மூன்றாம் நாள் லீ திறந்தவெளியில் சுமார் 12 ஆயிரம் பேரை நடக்கவிட்ட பிக்கெட் தாக்குதலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் விடுகிறேன்.

ஆன்டீட்டம் சண்டையை மட்டும் விட முடியாது. 1862 செப்டம்பரில் மேரிலாந்தில் லீயின் படை பிரிந்து பிரிந்து போய்க்கொண்டிருந்தது. அந்தத் திட்டத்தை விவரிக்கும் உத்தரவின் ஒரு பிரதி, மூன்று சுருட்டுகளைச் சுற்றிய காகிதமாக வயல்வெளியில் ஒரு வடக்குச் சிப்பாய் கையில் கிடைத்தது. எதிரியின் முழுத் திட்டமும் கைக்கு வந்தும் வடக்குத் தளபதி மெக்லெல்லன் நிதானமாகத்தான் நகர்ந்தார். செப்டம்பர் 17 ஒரே நாளில் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று சுமார் 23 ஆயிரம் பேர். லீ பின்வாங்கினார், மெக்லெல்லன் அவரைத் துரத்தவில்லை. லிங்கனுக்கு இந்த அரைகுறை வெற்றியே போதுமாக இருந்தது. ஐந்தே நாளில், அடிமைகளுக்கு விடுதலை தரும் விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பை வெளியிட்டார், 1863 ஜனவரி 1-ல் அது அமலுக்கு வந்தது. கிளர்ச்சி செய்யும் பகுதிகளுக்கு மட்டும்தான் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் போர் அடிமை முறைக்கு எதிரானதாகவும் ஆகிவிட்டதால், அதன் பிறகு இங்கிலாந்து தெற்குப் பக்கம் சாய்வது ரொம்பக் கடினமாகிவிட்டது. பருத்தியில்லாமல் இங்கிலாந்து மண்டியிடும் என்று தெற்கு போட்ட கணக்கும் பொய்த்தது, அவர்கள் எகிப்திலும் இந்தியாவிலும் வாங்கிக்கொண்டார்கள். பிரகடனத்துக்குப் பிறகு ஏறக்குறைய 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள்.

1864-ல் கிராண்ட் மொத்தப் படைக்கும் தலைமை ஏற்று லீயை விடாமல் பிடித்துக்கொண்டார். கோல்ட் ஹார்பர் சண்டையில் ஆட்களை வாரிக்கொடுத்தது அவர் மேல் உள்ள கறை. செப்டம்பரில் ஷெர்மன் அட்லாண்டாவைப் பிடித்திராவிட்டால் நவம்பர் தேர்தலில் லிங்கன் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

1865 ஏப்ரல் 9, வர்ஜீனியாவின் அப்போமாட்டாக்ஸ். லீ கிராண்டிடம் சரணடைந்த இடம். முந்தைய இரவு முழுக்க கிராண்டுக்குத் தலைவலி, சரணடைவது பற்றிப் பேச லீ எழுதிய கடிதத்தைப் பார்த்த நொடியில் போய்விட்டது என்று பின்னாளில் எழுதினார். லீ புதுச் சீருடையில், இடுப்பில் அழகான வாளோடு வந்திருந்தார். கிராண்ட் சேறு படிந்த பூட்ஸும் சாதாரணச் சிப்பாயின் மேல்சட்டையுமாகப் போய் நின்றார். சரணாகதி நிபந்தனைகளைப் படியெடுத்தவர் கிராண்டின் அதிகாரி, செனெகா என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ஈலி பார்க்கர். உழவுக்குத் தேவைப்படும், குதிரைகளை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்றார் கிராண்ட். பசியில் கிடந்த லீயின் படைக்கு 25 ஆயிரம் பேருக்கான உணவும் அனுப்பினார்.

ஐந்தாம் நாள் லிங்கன் சுடப்பட்டார். டெக்சாஸில் இருந்த சுமார் இரண்டரை லட்சம் அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி ஜூன் 19-ல்தான் வந்தது. கால்வெஸ்டன் துறைமுகத்தில் வந்திறங்கிய வடக்குத் தளபதி ஒருவர் உத்தரவு போட்டு அறிவித்தார். பிரகடனம் அமலுக்கு வந்து அப்போது இரண்டரை வருடம் ஆகியிருந்தது.