புது ரௌட்டர் போட்ட பிறகு பழைய நெட்புக்கில் வீட்டு வைஃபை பெயரே காட்டவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

நீங்கள் கொடுத்த விவரத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. அப்பாவின் நெட்புக் (சிறு மடிக்கணினி) ஏசர் ஆஸ்பயர் ஒன், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். ஃபைபர் திட்டத்தைப் புதுப்பித்து வைஃபை 6 ரௌட்டர் வரும்வரை ஒழுங்காக ஓடியது. இப்போது பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிகின்றன, உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. கடையில் "வைஃபை கார்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்றார்கள். கார்டு போயிருந்தால் பக்கத்து வீட்டுப் பெயர்களும் சேர்ந்தே காணாமல் போயிருக்கும். நெட்புக் அப்படியேதான் இருக்கிறது, ரௌட்டர்தான் மாறியிருக்கிறது. எனவே சரிசெய்ய வேண்டிய இடமும் ரௌட்டர்தான்.

முதலில் ஒரு சோதனை. கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் ஹாட்ஸ்பாட் அமைப்பில் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றும், பாதுகாப்பை டபிள்யூபிஏ2 (வைஃபை கடவுச்சொல் பாதுகாப்பு முறை) என்றும் மாற்றுங்கள். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற விசையை இயக்குங்கள், அது 2.4க்கு இறங்கிவிடும். நெட்புக் அதில் சேர்ந்துவிட்டால் கார்டு, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இரண்டும் நலம், பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிவதால் ஆன்டெனாவும் நலம். இனி நெட்புக்கைத் திறக்கவோ கடைக்குத் தூக்கவோ தேவையில்லை.

இப்போது ரௌட்டர். நெட்புக்குகள் ஏறக்குறைய 2007 முதல் 2012 வரை விற்றவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. புது ரௌட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, எந்தக் கருவி எதில் சேர வேண்டும் என்று தாமே தீர்மானிக்கின்றன. கூடவே டபிள்யூபிஏ2க்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 பாதுகாப்பு. விண்டோஸ் 7க்கு டபிள்யூபிஏ3 கிடையாது. அதோடு வரும் பிஎம்எஃப் (இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளுக்கான பாதுகாப்பு) என்பதும் விண்டோஸ் 8இல்தான் வந்தது. ரௌட்டர் அதைக் 'கட்டாயம்' என்று கேட்டால் விண்டோஸ் 7 எத்தனை முறை கடவுச்சொல் போட்டாலும் சேராது. மூன்றாவது, 802.11ஏஎக்ஸ், அதாவது வைஃபை 6இன் தொழில்நுட்பப் பெயர். ரௌட்டர் 2.4இலும் ஏஎக்ஸ் முறையில் தன்னை அறிவிக்கும்போது, சில பழைய டிரைவர்கள் அந்த அறிவிப்பைப் புரிந்துகொள்ளாமல் பெயரையே பட்டியலிலிருந்து விட்டுவிடும். உங்கள் அறிகுறிக்குப் பெரும்பாலும் இதுவோ, 2.4 அணைந்திருப்பதோ காரணமாக இருக்கும்.

வீட்டு வைஃபை முழுவதையும் பழைய முறைக்கு இறக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்யச் சொல்லும் பதில்கள் நிறைய உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நெட்புக்குக்காக வீட்டில் எல்லாருடைய பாதுகாப்பையும் குறைப்பது சரியல்ல. பெரும்பாலான புது ரௌட்டர்களில் விருந்தினர் நெட்வொர்க் அல்லது ஐஓடி நெட்வொர்க் (விளக்கு, கேமரா போன்ற வீட்டுக் கருவிகளுக்கானது) என்று இரண்டாவது பெயர் ஒன்று வைக்கலாம். அதை நெட்புக்குக்கென்று ஒதுக்குங்கள். உலாவியில் ரௌட்டர் முகவரியைத் தட்டி (பலவற்றில் 192.168.1.1 அல்லது 192.168.0.1, அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்) உள்ளே போங்கள். வீட்டில் பல இடங்களில் வைக்கும் சில மெஷ் ரௌட்டர்களில் இதற்குக் கைப்பேசிச் செயலி மட்டும்தான்.

அந்த இரண்டாவது பெயருக்கு: அலைவரிசை 2.4 மட்டும். பாதுகாப்பு டபிள்யூபிஏ2-பெர்சனல், குறியாக்கம் ஏஇஎஸ். பிஎம்எஃப் இருந்தால் அணைத்துவிடுங்கள், அணைக்க முடியாவிட்டால் 'கேப்பபிள்' என்று வையுங்கள், 'ரெக்வயர்டு' வேண்டாம். டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு முறை வேலை செய்ய வேண்டும் என்பது விதி, ஆனால் பழைய கார்டுகள் அதில் அடிக்கடி தடுமாறும், எனவே தனி டபிள்யூபிஏ2தான் நல்லது. 'டிகேஐபி' என்ற பழைய குறியாக்கம் ஒரு தேர்வாகத் தெரிந்தால் தொடாதீர்கள். பாதுகாப்புக் குறைவு என்பது ஒரு பக்கம், டிகேஐபியோடு 802.11என் வேகம் அனுமதிக்கப்படுவதில்லை என்பது இன்னொரு பக்கம். இணைப்பு 54 மெகாபிட்டில் நின்றுவிடும், உண்மையில் கிடைப்பது அதில் பாதிகூட இருக்காது. கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம், ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். நெட்வொர்க் பெயரில் தமிழ் எழுத்தோ எமோஜியோ வைத்தால் பழைய விண்டோஸ் அதைக் கிறுக்கலாகக் காட்டும், எனவே பெயரையும் எளிய ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

பிறகு 2.4இன் பொது அமைப்பில் மூன்று மாற்றங்கள். முறையை 'பி/ஜி/என்' கலப்புக்கு மாற்றி ஏஎக்ஸை 2.4இல் மட்டும் அணையுங்கள். 5இல் அது இருக்கட்டும், கைப்பேசிகளின் வேகம் குறையாது. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் மேலும் கீழும் எதிரிலும் எல்லா வீட்டிலும் ரௌட்டர் இருக்கும்போது 40 வைத்தால் ஆதாயமில்லை, இடைஞ்சல்தான் கூடும். சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11இல் ஒன்றாக வையுங்கள். சிங்கப்பூரில் 2.4இல் 13 வரை அனுமதி உண்டு. ஆட்டோவில் விட்ட ரௌட்டர் 12 அல்லது 13க்குப் போய்விட்டால், அமெரிக்கச் சந்தைக்கென்று அமைத்த கார்டு 11க்கு மேல் கேட்காது. காலையில் தெரிந்த பெயர் மாலையில் மறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விருந்தினர் நெட்வொர்க்கில் ஒரு குறை. அதில் சேர்ந்த கருவிக்கு வீட்டில் உள்ள பிரிண்டர் தெரியாது. அப்பா அச்செடுப்பவர் என்றால் ஐஓடி நெட்வொர்க்கைப் பயன்படுத்துங்கள், அல்லது கருவிகளைத் தனிமைப்படுத்தும் 'ஏபி ஐசொலேஷன்' என்ற தேர்வை அணையுங்கள்.

"பதினைந்து இருபது வெள்ளிக்கு யூஎஸ்பி டாங்கிள் (வெளியே செருகும் வைஃபை கருவி) வாங்கிச் செருகினால் முடிந்தது, இதற்கு இவ்வளவு நீட்டி எழுத வேண்டுமா" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். டாங்கிளை நான் எதிர்க்கவில்லை, அதற்கும் வருகிறேன். ஆனால் விண்டோஸ் 7இல் எவ்வளவு புதிய டாங்கிள் செருகினாலும் டபிள்யூபிஏ3 மட்டும் வைத்த ரௌட்டரில் அது சேராது, தடை விண்டோஸில் இருக்கிறது. ரௌட்டரைப் பார்க்காமல் டாங்கிள் வாங்கச் சொல்வது கேட்டவருடைய காசை வீணாக்கும் யோசனை.

இனி எழுதுவது உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் ஹாட்ஸ்பாட், பக்கத்து வீடு எதுவுமே தெரியவில்லை என்று தேடி இங்கே வருகிறவர்கள் இருப்பார்கள்.

முதலில் வைஃபை சுவிட்ச். பழைய ஆஸ்பயர் ஒன்னில் முன்விளிம்பில் நகர்த்தும் சிறு சுவிட்ச் உண்டு, துடைக்கும்போது நகர்ந்துவிடும். அசூஸ் ஈ பிசியில் எஃப்என் விசையோடு எஃப்2. ஈ பிசியில் பயாஸுக்குள்ளும் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பு) 'ஆன்போர்டு டபிள்யூலேன்' என்று ஒன்று இருக்கிறது. அது அணைந்திருந்தால் விண்டோஸுக்குக் கார்டு இருப்பதே தெரியாது. லினக்ஸ் என்றால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கட்டளை கொடுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' போதும். 'ஹார்டு பிளாக்டு' என்றால் சுவிட்ச்தான். சுவிட்ச் சரியாக இருந்தும் ஏசரில் அப்படிக் காட்டினால் 'ஏசர் டபிள்யூஎம்ஐ' மாட்யூலைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டு மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

அடுத்து கார்டு யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நெட்புக் மாடல் பெயரை வைத்து டிரைவர் தேடாதீர்கள், ஒரே மாடலில் வெவ்வேறு கார்டு போட்டு விற்றிருக்கிறார்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், அதில் கார்டின் புராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ். 'வென்' என்பதற்குப் பின் வரும் நான்கு எழுத்துதான் தயாரிப்பாளர்: 168சி ஏத்தரோஸ், 14இ4 பிராட்காம், 1814 ராலிங்க், 10இசி ரியல்டெக், 8086 இன்டெல். 'டெவ்' என்பதற்குப் பின் வருவது சிப்பின் எண். இந்த இரண்டையும் வைத்துத் தேடினால் சரியான டிரைவர் கிடைக்கும். தயாரிப்பாளர் தளத்தை விட்டுவிட்டு 'இலவச டிரைவர் அப்டேட்டர்' என்று வரும் எதையும் இறக்காதீர்கள், வேண்டாத மென்பொருள் கூடவே வரும்.

லினக்ஸ் போட நினைப்பவர்கள் முதலில் செயலியைப் பார்க்க வேண்டும். ஆட்டம் என்270, என்280 என்றால் 32 பிட் மட்டும். டெபியன் 12 வரை அதற்கு நிறுவி உண்டு, டெபியன் 13இல் இல்லை. ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ் இன்னொரு வழி. என்450, என்455, என்550 போன்றவை 64 பிட், அவற்றில் புதியதே போடலாம், ஆனால் 1 ஜிபி ராமுக்கு எல்எக்ஸ்கியூடி போன்ற இலகுவான மேசைச்சூழல் எடுங்கள்.

கார்டு வாரியாகச் சொன்னால், ஏத்தரோஸ் ஏஆர்9285 மிக எளிது. 'ஏத்9கே' டிரைவர் லினக்ஸின் கருவான கெர்னலிலேயே இருக்கிறது, தனி ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றும் மென்பொருள்) கூட வேண்டாம். ஈ பிசி 901, 1000இல் வந்த ராலிங்க் ஆர்டி2860க்கு 'ஃபர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ' தொகுப்பு வேண்டும். தலைவலி பிராட்காம்தான். டெல் மினி, எச்பி மினி ஆகியவற்றில் பரவலாக வந்த பிசிஎம்4312க்கு (14இ4:4315) இரண்டு வழி: 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்', அல்லது 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்'. ஒன்றைத்தான் போட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் மோதும். முதலாவது நிறுவும்போதே இணையத்திலிருந்து ஃபர்ம்வேரை இறக்கும். இரண்டாவதற்கு ஓடுகிற கெர்னலுக்குப் பொருந்தும் ஹெடர் தொகுப்பு முன்பே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்யூல் உருவாகாது. கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் வைஃபை போய்விட்டது என்ற புகாருக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். வைஃபை இல்லாமல் வைஃபை டிரைவரை எப்படி இறக்குவது? லேன் கேபிளை நேராக ரௌட்டரில் செருகுங்கள், அல்லது ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். லினக்ஸ் அதை உடனே எடுத்துக்கொள்ளும்.

சேர்ந்தாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலில் முதல் குறியை எடுத்துவிடுங்கள். லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் 'வைஃபை பவர்சேவ்' மதிப்பை 2 ஆக்குங்கள்.

ரௌட்டர் அருகில் மட்டும் பிடித்து இரண்டடி தள்ளினால் விடுகிறதென்றால் ஆன்டெனா. அதன் மெல்லிய வயர் கீல் வழியாகத் திரைச்சட்டத்துக்குள் போகிறது, வருடக்கணக்கில் திறந்து மூடி அங்கேதான் அறும். கார்டின் மேல் உள்ள சிறு வட்ட இணைப்பு கழன்றும் இருக்கலாம். பேட்டரியை எடுத்துவிட்டுத் திறந்து, நேராக மேல்நோக்கி எடுத்து நேராக அழுத்துங்கள். அவை அடிக்கடி கழற்றுவதற்கென்று செய்தவை அல்ல, முப்பது முறைக்குத்தான் உத்தரவாதம்.

கார்டு உண்மையிலேயே போயிருந்தால் மாற்று மினி கார்டைவிட டாங்கிளே மேல். எச்பி, லெனோவோ மாடல்கள் சிலவற்றில் பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டைத் தவிர வேறொன்றை ஏற்காது. எச்பியில் 104, லெனோவோவில் 1802 என்ற பிழையோடு நின்றுவிடும். டாங்கிளில் சிப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். ராலிங்க் ஆர்டி5370, ஏத்தரோஸ் ஏஆர்9271 இரண்டும் லினக்ஸில் தொல்லையில்லாதவை. பெட்டியில் உள்ள மாடல் பெயரை நம்ப முடியாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏஆர்9271, இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. செருகியதும் சிடி டிரைவ் போலத் தெரிந்தால் அது விண்டோஸ் டிரைவரைக் காட்டும் நிலை, லினக்ஸில் அதை 'இஜெக்ட்' செய்தால் வைஃபையாக மாறும்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிங்கப்பூரின் பழைய பொருள் சந்தையான சுங்கை ரோடு சந்தை இருந்தவரை இப்படிப்பட்ட பழைய பாகங்களைக் கையில் எடுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கலாம். 2017 ஜூலையில் அது மூடப்பட்டது. கேரோசல் என்ற விற்பனைச் செயலியில் படத்தைப் பார்த்து வாங்குவது அதற்கு ஈடாகாது. பழைய பொருளைப் பழுதுபார்க்கத் தெரிந்த பெரியவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறிவுக்கு மாற்று இடம் யாரும் ஒதுக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாத பேச்சுதான், ஆனாலும் அது போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, வைஃபை சேர்ந்துவிட்டது, ஆனால் பக்கங்கள் திறக்கவில்லை என்றால்? கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி 2009க்கோ 2010க்கோ போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவை என்று உலாவி மறுக்கும், பார்ப்பவர் வைஃபையைக் குறை சொல்வார். தேதியைத் திருத்தினால் அன்றைக்குச் சரியாகும், பேட்டரியை மாற்றினால் நிலைக்கும். சில நெட்புக்கில் அது வயரோடு சேர்ந்து ஒட்டியிருக்கும், அதே வகையாகப் பார்த்து வாங்குங்கள். உலாவியும் முக்கியம்: விண்டோஸ் 7க்கு குரோம் 109தான் கடைசி, ஃபயர்பாக்ஸில் 115 இஎஸ்ஆர் எடுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது, ஆகவே அதில் சிங்பாஸோ (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளம்) வங்கிக் கணக்கோ திறக்க அப்பாவை விடாதீர்கள். தமிழ் முரசு படிக்க, மின்னஞ்சல் தட்டச்ச, ஒலி 96.8 கேட்க அது தாராளம்.

கடைசியாக, ரௌட்டர் எங்கே இருக்கிறது? புது வீவக வீடுகளில் ஃபைபர் முனை வாசலருகே, வீட்டுப் பாதுகாப்பறையை ஒட்டி இருந்தால் ரௌட்டரை அந்த அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அதன் சுவர் கம்பி போட்ட கான்கிரீட், கதவு எஃகு. பழைய கார்டின் பலவீனமான சிக்னல் அதைத் தாண்டாது. நீளமான கேபிள் போட்டு ரௌட்டரை வரவேற்பறை அலமாரியின் மேல் வையுங்கள்.

மேலே சொன்னபடி இரண்டாவது பெயரை அமைத்தும் வரவில்லை என்றால் வென், டெவ் எண்களையும், ரௌட்டரின் 2.4 பக்கத்தில் முறை, பாதுகாப்பு, சேனல் மூன்றும் என்னவாக இருக்கின்றன என்பதையும் கருத்தில் எழுதுங்கள். ரௌட்டர் கடவுச்சொல்லை மட்டும் எழுதிவிடாதீர்கள்.