ஜீன் இல்லாத இடத்தில் என்ன தேடுகிறார்கள்?

கேள்வி: என் அக்கா மகனுக்கு சிக்கிள் செல் சோகை. ஹீமோகுளோபின் ஜீனில் ஒரு எழுத்து மாறியதால் வந்தது என்றார்கள். அப்படியிருக்க, ஜீனே இல்லாத டிஎன்ஏ பகுதிகளைக் கம்ப்யூட்டர் வைத்துத் தேடுகிறார்களாமே, எதற்கு?
— வாசகி, கூடலூர்

பதில்: கூடலூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். ரத்தத் துளியில் மெட்டாபைசல்பைட் கலந்து மூடி வைத்தால், வட்டமான அணுக்கள் சிறிது நேரத்தில் அரிவாளாக வளைவதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் அவ்வளவாக வளையாது. கருவில் உருவான ஹீமோகுளோபின் அதில் நிறைய இருக்கும், அது வளைய விடாது. மாதங்கள் போகப் போக அது குறைந்துவிடுகிறது. குறைப்பது பிசிஎல்11ஏ என்ற ஜீன்.

அந்த ஜீனையே கெடுத்துவிட முடியாது, உடம்பில் அதற்கு வேறு வேலைகளும் உண்டு. ஆனால் சிவப்பணு உருவாகும் செல்களில் மட்டும் அதைத் தூண்டும் ஸ்விட்ச் ஒன்று, அதே ஜீனுக்குள், புரதம் செய்யாத பகுதியில் இருக்கிறது. அதை வெட்டினால் கருக்கால ஹீமோகுளோபின் திரும்ப வருகிறது. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை இதுதான்.

இந்த ஸ்விட்சைக் கண்டுபிடித்தது ஆய்வக உழைப்பு. ஆனால் நம் டிஎன்ஏ 300 கோடி எழுத்து, அதில் புரதம் செய்வது 2 சதவீதம்கூட இல்லை. மற்ற ஸ்விட்சுகளையெல்லாம் கையால் தேடி மாளாது. அதனால், எந்த செல்லில் டிஎன்ஏ எங்கே சுருள் தளர்ந்து திறந்திருக்கிறது (ஸ்விட்ச் வேலை செய்யும் இடம் அப்படித்தான் இருக்கும்) என்ற ஆய்வகத் தரவைக் கொடுத்து, எழுத்து வரிசையைப் பார்த்தே ஸ்விட்சை ஊகிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். இப்படிப் பழக்கிய கம்ப்யூட்டர் நிரல்களில், 2015-இல் வந்த டீப்சீ ஒரு தடவைக்கு 1,000 எழுத்து படித்தது. 2021-இல் வந்த என்ஃபார்மர் ஏறத்தாழ 2 லட்சம் படிக்கிறது. ஸ்விட்ச் ஜீனிலிருந்து வெகுதூரம் தள்ளியும் இருக்கும் என்பதால் இது பெரிய விஷயம். ஒரு எழுத்தை மாற்றிக் கொடுத்து, ஸ்விட்ச் வலுவிழக்குமா என்றும் கேட்கலாம். அது சொல்வது ஊகம்தான், அப்புறம் செல்லில் சோதித்தே ஆக வேண்டும்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். என்ஃபார்மர் பழகியதோ ஒரு பொது மாதிரி டிஎன்ஏவில். இங்குள்ளவர்களின் டிஎன்ஏவும், அவர்கள் முழுச் சம்மதத்தோடு, இந்த ஆராய்ச்சியில் சேர வேண்டும்.

சரி, பையன் விஷயம். கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்ட ஹைட்ராக்சியூரியா மாத்திரை இருக்கிறது. அவனுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அக்காவுக்கு இருக்கும் அந்த எழுத்து மாறிய ஹீமோகுளோபின் ஜீன் உங்களுக்கும் இருக்கலாம்.