மாணவர் புகார் உதவிச் சேவையில் மரியாதையாக நடந்துகொள்வது என்றால் என்ன?

மாணவர் புகார் உதவிச் சேவை என்பது, மதிப்பெண், கட்டணம், பாகுபாடு போன்றவற்றில் கல்வி நிறுவனத்தின் மீது குறை உள்ள மாணவருக்கு, புகாரை எப்படி எழுதுவது, எந்த ஆதாரத்தை இணைப்பது, எந்தக் கெடுவுக்குள் கொடுப்பது என்று வழிகாட்டும் இடமாகும். அங்குள்ள ஊழியரைத் திட்டாமல், மிரட்டாமல், இழிவுபடுத்தாமல் பேசுவதையே மரியாதையான நடத்தை என்கிறார்கள்.

காரணம் எளிது: உங்களைப் பாதித்த முடிவை எடுத்தவர் வேறு, உங்கள் எதிரே அமர்ந்து உதவுபவர் வேறு. ஒரே கேள்வியை ஒரே இரவில் பத்து மின்னஞ்சல்களாக அனுப்பினால், உங்கள் கோப்பைப் பார்க்க வேண்டிய நேரம், மறுநாள் காலை அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பதிலேயே போய்விடும். காயத்துக்குக் கட்டுப் போடுபவரின் கையைத் தட்டிவிடுவதைப் போன்றது இது. வலி உண்மைதான், ஆனால் கட்டு நிற்காது. அதே நேரம், அழுவதோ குரல் நடுங்குவதோ மரியாதைக் குறைவு ஆகாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாதக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்டவரிடம் முழு நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமே அல்ல.

மரியாதை என்றால் புகாரின் கடுமையைக் குறைத்துக்கொள்வது என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். ‘இந்த முடிவு தவறு, காரணத்தை எழுத்தில் கொடுங்கள்’ என்று உறுதியாகக் கேட்பதும், தேவைப்பட்டால் அந்த உதவிச் சேவையின் மீதே முறைப்படி புகார் அளிப்பதும் மரியாதைக்கு உட்பட்டவையே.